இரட்சணிய யாத்திரிகத்தில் வழிவினாதல்: கிறித்தவ ஆன்மிக வழிகாட்டலும் தமிழ் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894) பெரும்பாலும் இரு நிலைகளிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. ஒன்று, ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய வழிநூல் என்னும் நிலை. மற்றொன்று, கம்பனின் காப்பிய நடையைப் பின்பற்றிய நூல் என்னும் நிலை. இவ்விரு நிலைகளிலும் காப்பியத்தின் மையச் சிக்கல் போதிய அழுத்தம் பெறவில்லை. வாழ்வின் திசை அறியாது கலங்கும் ஒருவன் யாரிடம் வழி கேட்பது, காட்டப்பட்ட வழி மெய்வழிதான் என்பதை எவ்வாறு அறிவது என்பதே அச்சிக்கல். வழிகாட்டி, வழி, வழித்துணை என்னும் மூன்று கூறுகளின் அடிப்படையில் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. கிருஷ்ணப்பிள்ளையின் காப்பியத்தில் ஆன்மிக வழிகாட்டல் ஒருமுறை பெற்று முடிக்கும் செய்தியாக இல்லை. பயணம் முழுவதும் தொடரும் ஆராய்ச்சியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ணப்பிள்ளை, ஆற்றுப்படை, ஆசாரியன், வழித்துணை, ஆத்துமவிசாரி.

முன்னுரை

கிருஷ்ணன்கோவில், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி, 1910இல் இராமநாதபுர மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர் இப்பகுதியின் சமய அடையாளமாக விளங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே வட்டாரம் கிறித்தவ நற்செய்திப் பணிக்கும் களமாயிற்று. டி.ஜி. ராக்லாந்து முதலியோர் 1854இல் வடதிருநெல்வேலியில் ஊர்தோறும் சென்று அறிவிக்கும் பணியைத் தொடங்கினர். ராக்லாந்து 1858இல் சிவகாசியில் மறைந்தார். திருநெல்வேலிச் சீமையின் வைணவக் குடும்பமொன்றில் பிறந்த கிருஷ்ணப்பிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்றதும் அதே 1858ஆம் ஆண்டில்தான்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று கூற இயலாது. எனினும், ஆழ்வார்களின் பாசுரங்கள் ஒலித்த மண்ணில் புதியதொரு சமய அழைப்பும் ஒலித்த காலச் சூழலை இவை உணர்த்துகின்றன. இச்சூழலில் ஒரு தமிழ்ப் புலவர் தம் வாழ்வுக்கான திசையைக் கிறித்தவ நம்பிக்கையில் தேடினார். அத்தேடல் எவ்வாறு காப்பிய வடிவம் பெற்றது, அதற்குத் தமிழ் இலக்கிய மரபும் வைணவ மரபும் எவ்வாறு துணைநின்றன என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிருஷ்ணப்பிள்ளையின் தேடல்

கிருஷ்ணப்பிள்ளை 1827இல் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்திலும் வைணவ நூல்களிலும் பயிற்சி பெற்றார். 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவச் சங்கத்தார் நடத்திய கல்விநிலையத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவர் கிறித்தவர் அல்லர். அங்கு ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்திற்கும் அவர் திருமுழுக்குப் பெற்ற காலத்திற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உள்ளன. அவர் மறைந்தது 1900இல்.

இந்த ஐந்தாண்டு இடைவெளி கருதத்தக்கது. கிறித்தவக் கல்விநிலையத்தில் பணி கிடைத்தமையே சமய மாற்றத்திற்குக் காரணம் என்று எளிதில் கூறிவிடும் போக்கு உண்டு. அவ்வாறாயின், பணியில் சேர்வதற்கும் சமயம் மாறுவதற்கும் இடையே இத்தனை ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டியதில்லை. பிறந்த குடியின் வழிபாட்டையும், உற்றார் உறவையும், சாதி வழக்கத்தையும் ஒருங்கே பாதிக்கும் முடிவு அது. அத்தகைய முடிவை நோக்கி நகர்பவருக்கு, வழிகாட்டுவோரின் சொல்லை நம்பலாமா என்னும் வினா வாழ்வா இழப்பா என்னும் வினாவாகவே அமைகிறது.

திருமுழுக்கிற்குப் பின்னரும் இவ்வினா அவரை விட்டு நீங்கவில்லை. இரட்சணிய யாத்திரிகம் ‘நற்போதகம்’ என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூல்வடிவம் பெற்றது. திருமுழுக்கிற்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் உள்ளன. அவர் பிற்காலத்தில் எழுதிய உரைநடை நூல் ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்னும் பெயர் பெற்றிருப்பதும் நோக்கத்தக்கது. நிர்ணயம் என்பது ஆராய்ந்து துணிதல். ஆராய்ந்து துணியும் இவ்வியல்பே காப்பியத்தின் அடிநாதமாகவும் உள்ளது.

தமிழ் மரபில் வழிவினாதல்

வழி கேட்பதும் வழி காட்டுவதும் தமிழ் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிகாட்டலை அடிப்படையாகக் கொண்டது. தாம் பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு எடுத்துக் கூறி, அவரையும் அவ்வளம் பெறுமாறு செலுத்துவது ஆற்றுப்படையின் இலக்கணம் எனத் தொல்காப்பியம் வழி அறியப்படுகிறது. இங்கு வழிகாட்டுவோனின் தகுதி அவனுடைய பட்டறிவேயாகும். சென்று பெற்று மீண்டவன் என்பதாலேயே அவன் சொல் நம்பப்படுகிறது. திருமுருகாற்றுப்படையில் இம்மரபு வள்ளலை விடுத்து இறைவனை நோக்கித் திரும்பியது. மலைபடுகடாமோ வழியின் வளத்தோடு அதன் இடர்களையும் விரித்துரைக்கிறது. பாம்புகள் உறையும் இடம், பன்றிகளுக்கு வைத்த பொறி, கவண்கல் வந்து விழும் இடம் முதலியவற்றை முன்கூட்டியே அறிவிப்பவனே நல்ல வழிகாட்டி என்னும் கருத்து அதில் வெளிப்படுகிறது.

சிலப்பதிகாரக் காடுகாண் காதை இதனினும் நுட்பமான நிலையைக் காட்டுகிறது. மதுரைக்கு வழி வினவும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுகிறான். இடப்பக்க வழியில் திருமால்குன்றத்துப் பிலத்தையும் அதிலுள்ள மூன்று பொய்கைகளையும், அவற்றில் நீராடுவோர் பெறும் பயன்களையும் புகழ்ந்துரைக்கிறான். இடைவழியில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு எனவும் எச்சரிக்கிறான். கவுந்தியடிகள் அவன் கூறிய வழிச்செய்தியை மறுக்கவில்லை. ஆனால் பொய்கையின் பயன்கள் தமக்கு வேண்டா எனத் தம் சமய நிலையில் நின்று விடைதருகிறார். ஒருவர் தரும் வழிச்செய்தியைக் கொள்வதும், அவர் உடன்சேர்த்துத் தரும் நம்பிக்கையைக் கொள்ளாதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. பின்னர் வசந்தமாலையின் வடிவில் வந்து மயக்கிய கானுறை தெய்வத்தைக் கோவலன் மந்திரத்தால் அறிந்து விலக்குகிறான். அறிமுகமான முகத்தோடு வரும் பொய் வழிகாட்டியைத் தமிழ்க் காப்பியம் முன்னரே அறிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

கிருஷ்ணப்பிள்ளை பிறந்த வைணவ மரபில் வழிகாட்டி ஆசாரியன் ஆகிறான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் தந்தையாகிய விட்டுசித்தர் வழியாகவே இறைவனைக் காணும் விழைவை வெளியிடுகிறாள். பிற்கால வைணவ ஆசாரியர்கள் இத்தகைய பாசுரங்களில் ஆசாரியப் பற்றைக் கண்டனர். இறைவனே அடையும் வழியும் அடையப்படும் பேறும் ஆவான் என்பது, அதாவது உபாயமும் உபேயமும் அவனே என்பது, சரணாகதிக் கொள்கையின் உயிர்நிலை. நம்மாழ்வார் திருமோகூர்ப் பெருமாளைப் பாடும் திருவாய்மொழிப் பதிகத்தில் இறைவன் வழித்துணையாகவும் போற்றப்படுகிறான். கிருஷ்ணப்பிள்ளையின் கிறித்தவப் பக்தியில் வைணவப் பின்புலம் கலந்துள்ளதை டென்னிஸ் ஹட்சன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அப்பின்புலம் வழிகாட்டல் என்னும் கூறில் எவ்வாறு செயற்படுகிறது என்பதே இங்குக் காணத்தக்கது.

வழி கேட்பவன்: பெயரும் பொருளும்

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் முதற்பாகத்தில், அழிவுக்குரிய ஊரிலிருந்து ஒருவன் முதுகில் சுமையோடு புறப்பட்டு, பல இடர்களைக் கடந்து விண்ணக நகரை அடைகிறான். கிருஷ்ணப்பிள்ளை இக்கதைப்போக்கைத் தழுவி, ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில் 3766 பாடல்களாகத் தம் காப்பியத்தை அமைத்தார்.

பனியனின் பயணி, தன் பழைய பெயர் ‘அருளற்றவன்’ என்னும் பொருளுடையது என ஓரிடத்தில் கூறுகிறான். கிருஷ்ணப்பிள்ளை தம் பயணியை ஆத்துமவிசாரி என்று அழைக்கிறார். விசாரம் என்னும் சொல் தமிழில் ஆராய்ச்சியையும் கவலையையும் ஒருங்கே குறிக்கும். தன் ஆன்மாவைப் பற்றிக் கவலை கொள்பவன் எவனோ, அவனே அதனைப் பற்றி வினவுபவனும் ஆகிறான். பனியனின் பெயர் ஒருவனிடம் இல்லாத ஒன்றைச் சுட்ட, கிருஷ்ணப்பிள்ளையின் பெயர் அவனுள் முன்பே நிகழும் ஒன்றைச் சுட்டுகிறது. கிறித்தவனாகும் முன்னரே ஒருவனுடைய தேடல் மதிப்புடையது என்னும் குறிப்பு இப்பெயரில் அடங்கியுள்ளது எனலாம். சாயர்புரத்தில் ஐந்தாண்டுகள் ஆராய்ந்து நின்ற புலவர் தெரிந்தெடுத்த பெயர் இது என்பதை நினைக்க, அதன் பொருத்தம் விளங்கும்.

வழிகாட்டி: சுட்டி விலகும் நிலை

கதையின் தொடக்கத்தில் கலங்கி நிற்கும் பயணியை நற்செய்தி அறிவிப்போன் சந்திக்கிறான். எங்கே ஓடுவது என்னும் வினாவுக்கு அவன் தரும் விடை ஒரு வாயிலையும், அது தென்படாவிடின் ஓர் ஒளியையும் சுட்டிக்காட்டுவதேயாகும். முழு வழியையும் அவன் விரித்துரைப்பதில்லை. உடன் வருவதும் இல்லை. பின்னர்ப் பயணி வழி தவறும்போதும், கொடிய சோதனைக்கு உட்படவிருக்கும்போதும் மட்டும் மீண்டும் தோன்றுகிறான்.

இவ்வழிகாட்டியை ஆற்றுப்படைப் பாணனோடும் வைணவ ஆசாரியனோடும் ஒப்பிட்டால் ஒற்றுமையும் வேற்றுமையும் புலப்படும். பாணனைப் போலவே இவனும் தான் அறிந்ததையே கூறுகிறான்; அடையும் இடம் அவனுடையது அன்று. ஆசாரியனைப் போலவே இவனும் தளர்ந்தவனைக் கடிந்து தேற்றுகிறான். ஆனால் ஆசாரியப் பற்றே பேற்றுக்குப் போதும் என்னும் நிலை இங்கு இல்லை. வழிகாட்டியைப் பற்றி நிற்பதற்குப் பயணிக்கு இடம் தரப்படுவதில்லை. சுட்டப்பட்ட ஒளியை நோக்கி அவனே நடந்தாக வேண்டும்.

இவ்வமைப்பின் இன்றியமையாமை பொய் வழிகாட்டிகள் தோன்றும் இடங்களில் தெளிவாகிறது. சுமையை எளிதில் இறக்கிவிடலாம் எனக் கூறி, ஒழுக்கச் சட்டத்தின் ஊருக்குத் திருப்பிவிடும் உலகியல் அறிவாளி முதலில் வருகிறான். அவன் தீயவனாகத் தோன்றுவதில்லை. மதிப்புமிக்க பெரியவனாகவே தோன்றுகிறான். பயணத்தின் பிற்பகுதியில் வெண்ணிற ஆடை போர்த்திய இச்சகன் ஒருவன் பயணியரை வலையில் சிக்கவைக்கிறான். மேய்ப்பர்கள் முன்னரே வழிக்குறிப்பு ஒன்றை எழுதித் தந்திருந்தும், உரிய நேரத்தில் அதனை எடுத்துப் படிக்காமையே அவர்கள் சிக்கியதற்குக் காரணமாகும். வழிகாட்டியின் தோற்றமும் இன்சொல்லும் சான்றாகா. எழுதப்பட்ட மறைமொழியோடு ஒத்துநோக்கியே எவர் சொல்லையும் கொள்ள வேண்டும் என்பது இங்குப் பெறப்படும் நெறி. மாங்காட்டு மறையோனின் சொல்லைக் கவுந்தியடிகள் அளந்து கொண்ட முறையைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூர இயலும். மேய்ப்பர்கள் பள்ளங்களையும் பக்கவழிகளையும் காட்டி எச்சரிக்கும் பகுதியோ மலைபடுகடாத்தின் வழிச்செய்திகளை நினைவூட்டுகிறது. இதனை நேரடித் தாக்கம் எனக் கொள்ள வேண்டியதில்லை. பனியனின் கதை தமிழில் அந்நியமாக ஒலிக்காமைக்கு இத்தகைய முன்மரபு துணைநின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

வழி: நெறியிலிருந்து ஆளுமைக்கு

பனியனின் நூலில் பயணி சிலுவை நிற்கும் இடத்தை அடைந்ததும் சுமை தானே கழன்று விழுகிறது. இந்நிகழ்வு மிகச் சுருக்கமாகவே கூறப்படுகிறது. இயேசுவின் பாடுகள் அங்குத் தனியொரு வரலாறாக விரிக்கப்படவில்லை. அந்நூலின் முதல் வாசகர்கள் நற்செய்தி வரலாற்றை முன்பே அறிந்தவர்கள் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

கிருஷ்ணப்பிள்ளை இவ்விடத்தில் மூலத்தை விட்டு விலகுகிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்னும் பகுதியை அமைத்து, இயேசு பிடிபட்டு விசாரிக்கப்பட்டு அவமதிக்கப்பட்டு இறந்த வரலாற்றை விரிவாகப் பாடுகிறார். இச்சேர்க்கையைக் காப்பிய அழகுக்காகச் செய்த விரிவு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. வழி எது என்னும் வினாவுக்கு அவர் தரும் விடை இதில்தான் உள்ளது. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மையே வழியாக அறிவிக்கிறார். அவ்வாறாயின் வழியை அறிதல் என்பது சில கட்டளைகளை அறிதலாகாது. ஒருவருடைய வரலாற்றை அறிதலாகும். ஆத்துமவிசாரி நடந்து செல்லும் பாதை, முன்னர் ஒருவர் துன்புற்று நடந்த பாதை என்பதைத் தமிழ் வாசகர் அறிந்தால்தான் அப்பாதைக்குப் பொருள் உண்டு.

உபாயமும் உபேயமும் இறைவனே என்னும் வைணவக் கொள்கையில் வளர்ந்தவருக்கு இக்கருத்து எளிதில் பொருந்தியிருக்கும். சொல்லாட்சியிலும் உணர்விலும் இத்தொடர்ச்சி உண்டு. எனினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பிழையாகும். சரணாகதிக் கொள்கையில் உபாயமாக நிற்பது இறைவனின் அருட்பண்பு. காப்பியத்திலோ வழியாக நிற்பது, வரலாற்றில் ஒரு குறித்த காலத்தில் நிகழ்ந்ததாகக் கிறித்தவர் நம்பும் தற்பலி. பழைய பாத்திரம் புதிய பொருளை ஏற்றுள்ளது. பொருளும் பாத்திரமும் ஒன்றல்ல.

வழித்துணை: தனிவழியும் கூட்டுவழியும்

பனியனின் பயணி மனைவி மக்களின் அழைப்பைக் கேளாதபடி காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். குடும்பமும் சுற்றமும் வாழ்வின் அச்சாக விளங்கும் தமிழ்ச் சூழலில் இக்காட்சி கடுமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயம் மாறியோர்க்கு இது உருவகமாக மட்டும் இருந்திருக்க இயலாது. அவர்களுள் பலர் உற்றாரின் விலக்கத்தைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டனர். ஆன்மிக வழிகாட்டல் ஒருவனை அவனுடைய மனிதர்களிடமிருந்து பிரிக்குமாயின், அவ்வழி மெய்வழியா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

காப்பியம் இவ்வையத்தை வாதத்தால் தீர்ப்பதில்லை. பயணிக்கு வழித்துணைகளைத் தருவதன் வாயிலாக எதிர்கொள்கிறது. அத்துணைவருள் நிதானி முதன்மையானவன். நிதான பருவம் என்னும் பகுதிப் பெயரே அவனை நினைவூட்டுகிறது. மாயச் சந்தையில் அவன் உயிரிழந்த பின்னரும் பயணி தனித்து விடப்படுவதில்லை. அவனுடைய சாவைக் கண்டு மனம்மாறிய மற்றொருவன் துணையாகிறான். பயணியர் ஒருவர்க்கொருவர் தாம் வந்த வழியைக் கூறிக்கொள்வதே அவர்களை உறக்கத்திலிருந்தும் மயக்கத்திலிருந்தும் காக்கிறது. தாம் பெற்றதைப் பெறாதவர்க்குக் கூறும் ஆற்றுப்படைப் பண்பு இங்குப் பயணியர் ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமையாக மாறிவிடுகிறது.

இவ்விடத்தில் திருப்பாவை ஒப்புநோக்கத்தக்கது. அதன் முப்பது பாசுரங்களுள் ஆறு முதல் பதினைந்து வரையுள்ளவை உறங்கும் தோழியரை எழுப்புவனவாக உள்ளன. இறைவனிடம் தனித்துச் செல்லாமல், உறங்குவோரையும் எழுப்பி உடனழைத்துச் செல்லும் பக்திநெறி திருவில்லிபுத்தூர் மண்ணுக்கு உரியது. கிருஷ்ணப்பிள்ளை கற்ற வைணவ மரபு இத்தகைய கூட்டுவழிபாட்டு உணர்வை உடையதாகும். அவர் காப்பியத்தின் இடையிடையே அமைத்த தேவாரப் பதிகங்களும் இவ்வுணர்வுக்கே இடமளிக்கின்றன. தேவாரம் என்னும் சைவ மரபுப் பெயரைக் கிறித்தவப் பாடலுக்கு அவர் இட்டமை துணிவான செயல். கதைமாந்தரின் பயணம் நூலில் முடிந்துவிடும். பதிகமோ வாசகரின் வாயில் தொடரும். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இப்பாடல்கள் பாடப்பட்டு வருவதால், காப்பியத்தை முழுமையும் கற்காத எளியோரும் அதன் வழிகாட்டலில் பங்குபெறுகின்றனர்.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் ஆன்மிக வழிகாட்டலை மூன்று நிலைகளில் அமைத்துக் காட்டுகிறது. வழிகாட்டி தன்னிடம் ஈர்க்காமல் தனக்கு அப்பால் உள்ளதைச் சுட்டி விலகுகிறான். அவனுடைய சொல்லும் மறைமொழியால் அளக்கப்படுகிறது. வழி என்பது விதிகளின் தொகுதியாக நில்லாமல், துன்புற்ற ஒருவரின் வரலாறாக இரட்சணிய சரிதப் படலத்தில் வெளிப்படுகிறது. வழித்துணை, சுற்றத்தை இழந்தவனுக்குப் புதிய சுற்றமாக அமைகிறது.

இம்மூன்று நிலைகளிலும் தமிழ் மரபு வெறும் அணியாக நிற்கவில்லை. ஆற்றுப்படை பட்டறிவின் மதிப்பையும், சிலப்பதிகாரம் வழிச்சொல்லை அளந்து கொள்ளும் முறையையும், வைணவம் இறைவனே வழி என்னும் உணர்வையும் முன்னரே பயிற்றுவித்திருந்தன. கிருஷ்ணப்பிள்ளை தம் புதிய நம்பிக்கையைத் தமிழில் சொல்ல முடிந்தமைக்கு அவர் விட்டுவந்ததாகக் கருதப்படும் மரபே மொழி தந்தது. சமய மாற்றத்தைப் பழைமையின் முழு மறுப்பாகவோ புறக் காரணங்களின் விளைவாகவோ மட்டும் காணும் ஆய்வுகள் இவ்வுண்மையைத் தவறவிட நேரும்.

வழிகாட்டுவோர் பெருகிய காலத்தில் எவரை நம்புவது என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. அவ்வினாவை எழுப்புதல் நம்பிக்கைக்கு எதிரானது அன்று, நம்பிக்கையின் தொடக்கமே என்பதைக் காப்பியத் தலைவனுக்கு இட்ட ஆத்துமவிசாரி என்னும் பெயரே உணர்த்துகிறது. இக்காப்பியத்தின் தேவாரப் பதிகங்களை ஆழ்வார் பாசுரங்களோடு யாப்பு, பண், சொல்லாட்சி ஆகிய நிலைகளில் ஒப்பிட்டு ஆராய்வது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.